பேனல் டிராயிங் வரைய எந்தக் கட்டற்ற மென்பொருள்? ஒரு ஸ்டார்-டெல்டாவை வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை

"அண்ணா, எலெக்ட்ரிக்கல் டிராயிங் போட ஃப்ரீயா நல்ல சாஃப்ட்வேர் ஏதாச்சும் சொல்லுங்கண்ணா." மாதத்துக்கு ஒரு தம்பியாவது இப்படிக் கேட்டு விடுகிறான். "என்ன வரையப் போற?" என்று திருப்பிக் கேட்டால், "எலெக்ட்ரிக்கல்தாங்கண்ணா" என்பான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு மென்பொருள் தேடினால் ஒரு வாரம் வீணாகும். பத்து மென்பொருளை இறக்கி, பத்தையும் பாதியில் மூடிவிட்டு, கடைசியில் எக்செல்லில் கோடு போட்டு முடித்தவர்களை எனக்குத் தெரியும்.

கோவையில் பம்ப் பேனல் செய்யும் சிறிய பட்டறை எங்களுடையது. இந்தத் தேடலை நானும் நடத்தி, சில தவறுகள் செய்து, ஒரு வழிக்கு வந்தேன். அதைப் படிப்படியாக எழுதுகிறேன். மென்பொருள்களின் வசதிப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு சுற்றை, அதாவது மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பிப் பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை, எடுத்து ஒவ்வொன்றிலும் வரைந்து பாருங்கள். இரண்டு மாலை நேரம் போதும்.

படி 1: எந்த வகை வரைபடம் என்று முடிவு செய்யுங்கள்

எலெக்ட்ரிக்கல் டிராயிங் என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது நான்கு வேலைகள் இருக்கின்றன.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மெயின் பேனல், அங்கிருந்து கிளைகள் என்று ஒற்றைக் கோட்டில் காட்டும் சிங்கிள் லைன் டயகிராம் முதல் வகை. இதற்குப் பெரிய அறிவுள்ள மென்பொருள் வேண்டாம். பெட்டியும் கோடும் ஒழுங்காகப் போட முடிந்தால் சரி. டிரா.ஐ.ஓ. தாராளமாகப் போதும். உலாவியிலேயே ஓடும், கணினியில் நிறுவிக்கொள்ளவும் செய்யலாம், மின் குறியீடுகளும் கொஞ்சம் அதிலேயே இருக்கின்றன.

வீட்டு பிளானின் மேல் சுவிட்ச், லைட் பாயின்ட், ஃபேன் பாயின்ட் குறிப்பது இரண்டாவது. பில்டிங் இன்ஜினியர் கொடுக்கும் பிளானை டி.எக்ஸ்.எஃப். கோப்பாக வாங்கி, லிப்ரேகேடில் திறந்து, தனி லேயரில் குறிகளைப் போட்டால் முடிந்தது.

ரெசிஸ்டர், ஐ.சி., போர்டு என்று போகும் எலெக்ட்ரானிக்ஸ் சர்க்யூட் மூன்றாவது. அதற்குக் கீகேட். வேறு எதையும் தேடி அலைய வேண்டியதில்லை.

நான்காவதுதான் கன்ட்ரோல் பேனல்: கான்டாக்டர் (காயிலுக்குக் கரன்ட் கொடுத்தால் கான்டாக்ட்டுகளை இழுத்துப் பிடித்து மோட்டாரை ஓட்டும் சுவிட்ச்), ஓவர்லோடு ரிலே (கரன்ட் கூடினால் மோட்டாரை நிறுத்துவது), டைமர், புஷ் பட்டன், டெர்மினல், ஃபெரூல் நம்பர் (வயர் முனையில் மாட்டும் எண்). பெரும்பாலானோர் கேட்பது இதைத்தான். தவறான மென்பொருளைப் பிடிப்பதும் இங்கேதான். மிச்சக் கட்டுரை முழுக்க இந்த வகையைப் பற்றியது.

இதில் மட்டும் ஏன் இத்தனை சிக்கல்? ஒரு கான்டாக்டர் டிராயிங்கில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மூன்று பவர் கான்டாக்ட் முதல் தாளில், காயில் இரண்டாம் தாளில், இரண்டு கான்டாக்டர் ஒரே நேரத்தில் பிடிக்காமல் தடுக்கும் இன்டர்லாக் கான்டாக்ட் அதே தாளின் இன்னொரு மூலையில் இருக்கும். தாளில் ஐந்து இடத்தில் இருப்பது பேனலில் ஒரே பொருள். சாதாரண கேட் (கணினியில் படம் வரையும்) மென்பொருளுக்கு இது தெரியாது. அதற்கு அவை ஐந்து தனித்தனிப் படங்கள்தான்.

எனக்கு இது புரிந்த கதை வெட்கக்கேடானது. அப்போது பொதுவான கேட் மென்பொருள் ஒன்றில்தான் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு பம்ப் பேனலில் ஸ்டார் கான்டாக்டர் கே3. கடைசி நேரத்தில் சின்ன மோட்டார் ஒன்று சேர, அதன் கான்டாக்டருக்குக் கே3 என்று பெயர் வைத்து, ஸ்டாரைக் கே4 ஆக்கினேன். எல்லா இடத்திலும் மாற்றிய நான், டெல்டா காயிலுக்கு மேலிருந்த இன்டர்லாக் கான்டாக்ட்டை மட்டும் விட்டுவிட்டேன். அது கே3 என்றே நின்றது. ஒயர்மேன் டிராயிங்கில் இருந்தபடி சின்ன மோட்டாரின் கான்டாக்டரிலிருந்து வயரை எடுத்துவிட்டார். டிரையலில், ஸ்டார் முழுதாக விடுவதற்குள் டெல்டா பிடித்து, மூன்று ஃபியூஸும் போயின. ஒயர்மேன் மேல் தப்பே இல்லை.

ஆகவே கன்ட்ரோல் பேனலுக்கு மென்பொருள் தேடும்போது முதல் கேள்வி இதுதான்: காயிலின் பெயரை மாற்றினால், அதன் கான்டாக்ட்டுகளின் பெயர் எல்லாத் தாளிலும் தானாக மாறுமா?

படி 2: 'ஃப்ரீ' என்பதைப் பிரித்துப் பாருங்கள்

ஆங்கிலத்தில் இரண்டு பொருளுக்கும் ஒரே சொல். தமிழில் நமக்கு வசதியாக இரண்டு சொல் இருக்கிறது: இலவசம், கட்டற்றது. காசு வாங்காமல் தருவது இலவசம். நிரல் திறந்திருக்கும், யாரும் மாற்றலாம், பகிரலாம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம் என்றால் அது கட்டற்றது. வீட்டுக்கு மட்டும் இலவசம், மாணவருக்கு மட்டும் இலவசம், இத்தனை தாள் வரை இலவசம் என்று பல ரகம் உண்டு. உரிம நிபந்தனையில் 'வணிகப் பயன்பாடு' என்ற வார்த்தை எங்கே வருகிறது என்று தேடிப் படித்துவிட்டு இறக்குங்கள். பேனல் விற்கிறவனுக்கு அந்த ஒரு வரி முக்கியம்.

ஒரு பேனல் சைட்டில் இருபது வருடம் ஓடும். பதினைந்தாம் வருடம் ஒரு கான்டாக்டரை மாற்றவோ டைமரைச் சேர்க்கவோ டிராயிங்கைத் திறக்க வேண்டிவரும். அப்போது மென்பொருள் இருக்குமா? ஈகிள் என்ற சர்க்யூட் போர்டு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-லிருந்து புழக்கத்தில் இருந்தது. சின்ன போர்டுகளுக்கு இலவசப் பதிப்பும் இருந்ததால் உலகம் முழுக்கப் பொழுதுபோக்காளர்கள் அதில்தான் வரைந்தார்கள். 2016-ல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. 2026 ஜூன் 7-உடன் விற்பனையும் ஆதரவும் நிற்கும் என்று 2023-ல் அறிவித்தது. அதில் ஆயிரம் டிராயிங் வைத்திருப்பவருடைய நிலையை நினைத்துப் பாருங்கள். நல்லவேளை, ஈகிளின் கோப்புகள் கடைசிக் காலத்தில் எக்ஸ்.எம்.எல். என்ற, எழுத்தாகவே படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாறியிருந்தன. அதனால் கீகேட் போன்றவை அவற்றை உள்ளே எடுத்துக்கொள்ள முடிகிறது.

கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உள்ளே படிக்கக்கூடிய எழுத்தாக இருந்தால், மென்பொருள் செத்தாலும் டிராயிங்கை மீட்க வழி இருக்கும். வெறும் குப்பை எழுத்தாகத் தெரிந்தால் அந்த மென்பொருள் இருக்கும் வரைதான் உங்கள் டிராயிங்.

இந்த இரண்டு வடிகட்டலுக்குப் பிறகு என் மேசையில் மிஞ்சியவை மூன்று. பேனலுக்குக் கியூ-எலெக்ட்ரோடெக். 2006-ல் இரண்டு பிரெஞ்சு மாணவர்கள் தொடங்கியது. ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமம், கோப்பு எக்ஸ்.எம்.எல்., விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். எலெக்ட்ரானிக்ஸுக்குக் கீகேட். 1992-ல் ழான்-பியேர் ஷராஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது, 2013 முதல் செர்ன் ஆய்வகம் கைகொடுத்து வளர்த்தது. மூன்றாவது காடே சிமு. இலவசம்தான், கட்டற்றது இல்லை. ஆனாலும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

படி 3: சோதனைச் சுற்றைக் காகிதத்தில் போடுங்கள்

மோட்டாரை நேராக லைனில் இணைக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் சோதனைக்குப் பத்தாது. ஒரே கான்டாக்டர் என்பதால் எந்த மென்பொருளும் அதில் தேறிவிடும். ஸ்டார்-டெல்டாதான் சரியான பரீட்சை. 10 எச்.பி., அதாவது 7.5 கிலோவாட் மோட்டார், 415 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் லோடு கரன்ட் சுமார் 14 முதல் 15 ஆம்பியர்.

முதல் தாள் பவர் சர்க்யூட். மெயின் பிரேக்கரான எம்.சி.சி.பி., அதன் கீழே மெயின் கான்டாக்டர் கே1, டெல்டா கே2, ஸ்டார் கே3, ஓவர்லோடு ரிலே, மோட்டாருக்குப் போகும் ஆறு வயர். இரண்டாம் தாள் கன்ட்ரோல் சர்க்யூட். கன்ட்ரோல் எம்.சி.பி., ஓவர்லோடின் 95-96 என்.சி. (சாதாரணமாக மூடியிருக்கும்) கான்டாக்ட், ஸ்டாப் பட்டன், ஸ்டார்ட் பட்டன், அதற்கு இணையாகக் கே1-ன் 13-14 ஹோல்டிங் கான்டாக்ட். பிறகு கே1 காயில், டைமர் காயில், டைமரின் 15-16 வழியாகக் கே3 காயில், 15-18 வழியாகக் கே2 காயில். கே3 காயிலுக்கு மேலே கே2-வின் 21-22, கே2 காயிலுக்கு மேலே கே3-ன் 21-22. கடைசியாக 97-98-லிருந்து டிரிப் லேம்ப்.

இதில் ஒரு பொருளை எங்கே வரைகிறீர்கள் என்பதிலேயே அர்த்தம் மாறும் இடம் ஒன்று உண்டு. ஓவர்லோடு ரிலேயை மூன்று ஃபேஸும் பிரிவதற்கு முன் லைனில் வைத்தால் அதன் செட்டிங் முழு 15 ஆம்பியர். கே1-க்குக் கீழே, மோட்டார் வைண்டிங்குக்குப் போகும் வழியில் வைத்தால் 0.58 மடங்கு, அதாவது 8.7 ஆம்பியர் பக்கம். டெல்டாவில் வைண்டிங் கரன்ட் லைன் கரன்ட்டை ரூட் 3-ஆல் வகுத்தது என்பதால் இந்தக் கணக்கு. இடம் தவறாக வரைந்தால் சைட்டில் செட்டிங்கும் தவறும், மோட்டார் வெந்து போகும். செட்டிங் மதிப்பைக் குறியீட்டின் பக்கத்திலேயே எழுத மென்பொருளில் இடம் வேண்டும். இதையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் பென்சிலால் போட்டு, எல்லா டெர்மினல் எண்ணும் எழுதி முடித்த பிறகே கணினியைத் தொடுங்கள். சுற்றை யோசிப்பதும் மென்பொருளைக் கற்பதும் ஒரே நேரத்தில் நடந்தால், எது தடுக்கிறது என்றே தெரியாமல் மென்பொருளைத் திட்டுவீர்கள்.

படி 4: கியூ-எலெக்ட்ரோடெக்கில் வரையுங்கள்

நிறுவுவதில் பெரிதாக ஒன்றுமில்லை. விண்டோஸுக்கு நிறுவி ஒன்றும், நிறுவாமலே ஓடும் தொகுப்பு ஒன்றும் அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் கிடைக்கும். பட்டறையின் பழைய கணினிக்கு இரண்டாவது வசதி. பென் டிரைவிலேயே வைத்துக்கொள்ளலாம். உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்களுக்கு மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது.

புதிய ப்ராஜெக்ட் திறந்ததும் கை பரபரக்கும். குறியீட்டை இழுத்துப் போடாதீர்கள். முதலில் ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸுக்குள் போய் மூன்று விஷயத்தைச் செட் செய்யுங்கள். ஒன்று, டைட்டில் பிளாக். வாடிக்கையாளர் பெயர், டிராயிங் எண், ரிவிஷன், தேதி, வரைந்தவர் வருகிற கட்டம் இது. டைட்டில் பிளாக்குக்கென்றே தனி எடிட்டர் இருப்பதால், உங்கள் பட்டறையின் பெயரும் சின்னமும் வைத்து ஒருமுறை செய்துகொண்டால் காலத்துக்கும் ஆயிற்று. இரண்டு, வயர் எண் தானாக வரும் முறை. மூன்று, கிராஸ் ரெஃபரன்ஸ் எப்படித் தெரிய வேண்டும் என்பது. இவற்றை முதலிலேயே செய்யாமல் இருபது தாள் வரைந்த பிறகு வந்தால், தாள் தாளாக மாற்ற வேண்டிவரும். எனக்கு ஒரு ஞாயிறு இதில் போயிருக்கிறது.

இந்த மென்பொருளில் தாளுக்கு ஃபோலியோ என்று பெயர். மேலே நெடுவரிசைகளுக்கு எண்ணும், பக்கத்தில் வரிசைகளுக்கு எழுத்தும் இருக்கும், பழைய மேப் புத்தகம் மாதிரி. கே1 காயிலின் கீழே அதன் கான்டாக்ட் எந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இந்த எண்ணை வைத்துத்தான் காட்டும்.

இனி இடது பக்கத்துத் தொகுப்பிலிருந்து குறியீடுகளைத் தேடி இழுங்கள். ஐ.இ.சி. என்ற சர்வதேசத் தரத்தின் குறியீடுகளும் அமெரிக்கக் குறியீடுகளும் இரண்டுமே இருக்கும். நம் ஊர்ப் பேனல்களில் ஐ.இ.சி. 60617 வழியில் வந்த குறியீடுகள்தான் பழக்கம். அமெரிக்க என்.ஓ. (சாதாரணமாகத் திறந்திருக்கும்) கான்டாக்ட் இரண்டு இணைகோடாக, நம் ஆட்களின் கண்ணுக்குக் கெப்பாசிட்டர் மாதிரித் தெரியும். கலந்து போட்டுவிடாதீர்கள். ஸ்பேஸ் விசையை அழுத்தினால் குறியீடு திரும்பும்.

குறியீட்டைப் போட்டதும் அதன் டெர்மினல் எண்களைப் பாருங்கள். தொகுப்பில் இருக்கும் குறியீடுகளைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் செய்தது என்பதால், சிலதில் எண் இருக்கும், சிலதில் இருக்காது, சிலதில் உங்கள் கையில் இருக்கும் கான்டாக்டருக்குப் பொருந்தாத எண் இருக்கும். கான்டாக்டரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள்: காயிலுக்கு ஏ1, ஏ2. துணைக் கான்டாக்ட் எண்ணில் கடைசி இலக்கம் 3-4 என்றால் என்.ஓ., 1-2 என்றால் என்.சி. பிடித்த மாதிரி இல்லாவிட்டால் எலிமென்ட் எடிட்டரில் நீங்களே செய்துகொள்ளலாம். செய்யும்போது வகை கேட்கும். காயிலை 'மாஸ்டர்' என்றும் கான்டாக்ட்டை 'ஸ்லேவ்' என்றும் சொல்ல வேண்டும். கான்டாக்ட் என்றால் என்.ஓ.வா, என்.சி.யா, பவர் கான்டாக்ட்டா, டைமர் கான்டாக்ட்டா என்றும் சொல்லலாம். 'சிம்பிள்' என்று விட்டுவிட்டால் அது வெறும் படம்தான். காயிலோடு சேராது.

வயர் இழுப்பது சுலபம். ஒரு டெர்மினலிலிருந்து அழுத்திப் பிடித்து இன்னொரு டெர்மினலில் விட்டால் வந்துவிடும். தானாக இணைக்கும் பொத்தானை இயக்கி வைத்திருந்தால், நேர்கோட்டில் வந்த டெர்மினல்கள் தாமாகவே சேர்ந்துகொள்ளும். பவர் தாளில் இது வரம். கன்ட்ரோல் தாளில் வேண்டாத இடத்தில் ஒட்டிக்கொள்ளும், அங்கே நான் அணைத்துவிடுவேன். ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் வயர்கள் எல்லாம் ஒரே எண் பெறும். வேறு வேறு எண்ணுள்ள இரண்டைச் சேர்த்தால் எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும். ஃபெரூல் அடிக்கிற ஒயர்மேனுக்கு இந்த ஒழுங்குதான் உயிர்.

கடைசியாகச் சேர்க்கும் வேலை. ஒவ்வொரு கான்டாக்ட்டையும் இரட்டைச் சொடுக்கி, இணைப்புப் பகுதியில் அது எந்தக் காயிலைச் சேர்ந்தது என்று தேர்ந்தெடுங்கள். தேர்ந்ததும் காயிலின் பெயர் கான்டாக்ட்டின் மேல் தானாக வரும். காயிலின் கீழே கான்டாக்ட்டுகளின் முகவரிப் பட்டியல் தோன்றும். முதல் தாளிலிருந்து இரண்டாம் தாளுக்குப் போகும் கன்ட்ரோல் சப்ளை வயருக்கு, தாள் மாறும் அம்புக்குறிக் குறியீடு ஒரு ஜோடி உண்டு. அதையும் இப்படியே ஜோடி சேர்க்க வேண்டும்.

முதல் தடவை இதெல்லாம் முடிக்க மூன்று மணி நேரம் ஆகலாம். கேடில் இதே டிராயிங் ஒரு மணி நேரத்தில் முடியுமே என்று மனம் சலிக்கும். அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 5: வரைந்ததை உடைத்துப் பாருங்கள்

மென்பொருளின் தரம் வரையும்போது தெரியாது, திருத்தும்போதுதான் தெரியும். வாடிக்கையாளர் நான்கு தடவை மாற்றுவார். அதை இப்போதே நடித்துப் பாருங்கள்.

கே3-ன் பெயரைக் கே4 ஆக்குங்கள். முதல் தாளில் மூன்று பவர் கான்டாக்ட்டும், டெல்டா காயிலின் மேலுள்ள இன்டர்லாக்கும் மாறினதா? கியூ-எலெக்ட்ரோடெக்கில் மாறும், கான்டாக்ட்டுகளைக் காயிலோடு இணைத்திருந்தால். மாறாத ஒன்று தெரிந்தால், அதை இணைக்க மறந்திருக்கிறீர்கள். எனக்கு மூன்று ஃபியூஸ் தின்ற தவறு இங்கே கண்ணுக்கு முன் வந்து நிற்கும்.

இரண்டு தாளுக்கும் நடுவில் புதிய தாள் ஒன்றைச் செருகுங்கள். இரண்டாம் தாள் மூன்றாம் தாளாக மாறும். காயிலின் கீழே இருக்கும் முகவரிகளும் கூடவே மாற வேண்டும்.

கான்டாக்டருக்குத் தயாரிப்பாளர், ஆர்டர் எண், காயில் வோல்டேஜ் விவரங்களை நிரப்பி, பொருள் பட்டியலை சி.எஸ்.வி.யாக எடுங்கள். எக்செல்லில் திறந்து எண்ணிப் பாருங்கள். மூன்று கான்டாக்டர் மூன்றாக வருகிறதா, கான்டாக்ட்டையெல்லாம் தனித்தனிப் பொருளாக எண்ணிப் பதினைந்தாக வருகிறதா?

தமிழில் ஒரு குறிப்பு எழுதுங்கள். "அவசர நிறுத்தம்" என்று ஒரு பட்டனுக்குப் பெயர் போட்டு பி.டி.எஃப். எடுத்து, வேறு கணினியிலும் போனிலும் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் தள்ளி விழாமல் இருக்க வேண்டும். பி.டி.எஃப்.பில் எனக்குத் தொல்லை வந்ததில்லை. டி.எக்ஸ்.எஃப். ஆக அனுப்பினால், வாங்குபவரிடம் அந்த எழுத்துரு இல்லாதபோது கட்டம் கட்டமாகத் தெரியும். கன்சல்டன்ட் டி.எக்ஸ்.எஃப். கேட்டால் தமிழ்க் குறிப்புகளை எடுத்துவிட்டு அனுப்புவது நல்லது.

பிறகு ஏ4 தாளில் அச்சிடுங்கள். பேனல் கதவின் உள்பக்கம் இருக்கும் பையில் போகப்போவது இதுதான். டெர்மினல் எண்ணை ஒரு கை தூரத்தில் வைத்துப் படிக்க முடியாவிட்டால் ஏ3-க்குப் போங்கள், அல்லது ஒரு தாளில் இருப்பதை இரண்டாகப் பிரியுங்கள். திரையில் அழகாகத் தெரிந்த எத்தனையோ டிராயிங் இந்த இடத்தில் எறும்பு வரிசையாகிவிடும்.

படி 6: சுற்று சரியா என்பதை வேறு இடத்தில் சோதியுங்கள்

கியூ-எலெக்ட்ரோடெக்கிடம் எதிர்பார்க்கக் கூடாதது ஒன்று உண்டு. சுற்று வேலை செய்யுமா என்று அது சொல்லாது. ஃபேஸையும் நியூட்ரலையும் நேராக இணைத்து வரைந்தாலும் அழகாக எண் போட்டுத் தரும்.

இங்கேதான் காடே சிமுவின் வேலை. ஸ்பெயினிலிருந்து வந்த சின்ன விண்டோஸ் மென்பொருள். கன்ட்ரோல் சுற்றை வரைந்து சிமுலேஷனை ஓட்டினால், மவுஸால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தலாம். காயில் பிடிக்கும், கான்டாக்ட் மாறும், கரன்ட் போகும் வயர் நிறம் மாறும், டைமர் எண்ணும், ஸ்டார் விட்டு டெல்டா பிடிக்கும். இன்டர்லாக்கை எடுத்துவிட்டு ஓட்டிக் காட்டினால் புதுப் பையன்களுக்கு நான் அரை மணி நேரம் கத்துவது ஒரு நிமிடத்தில் புரிகிறது. ஐ.டி.ஐ.யில் படிப்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

ஆனால் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் டிராயிங்கை அதில் வரைய வேண்டாம். அதன் கோப்பை அது மட்டுமே திறக்கும். இரண்டாம் படியில் பார்த்த கதைதான். சுற்றை ஓட்டிப் பார்க்கக் காடே சிமு, பதிவு செய்துவைக்கக் கியூ-எலெக்ட்ரோடெக் என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு முறை வரைவது கூடுதல் வேலைதான். சின்ன பேனலுக்குச் செய்வதில்லை, புதிய லாஜிக் வந்தால் மட்டும் செய்கிறேன்.

கீகேட் பேனலுக்கு ஆகாதா?

கேட்பவர்கள் நிறைய. கீகேட் அருமையான மென்பொருள். இணைக்காமல் விட்ட பின்கள் (கால்கள்), எதிரெதிரே முட்டும் அவுட்புட் எல்லாவற்றையும் தேடிக் காட்டும் மின்விதிச் சோதனை அதில் உண்டு. என்ஜிஸ்பைஸ் என்ற சிமுலேட்டர் உள்ளேயே இருப்பதால் எலெக்ட்ரானிக்ஸ் சுற்றை ஓட்டியும் பார்க்கலாம். 7-ஆம் பதிப்பிலிருந்து கணினியில் இருக்கும் எழுத்துருக்களையும் ஏற்கிறது.

கான்டாக்டரை ஒரே குறியீட்டின் பல பகுதிகளாக, காயில் ஒன்று, கான்டாக்ட் ஒவ்வொன்றும் ஒன்று என்று செய்தால் பெயர் ஒன்றாக மாறும் வசதி அதிலும் கிடைக்கும். நான் செய்து பார்த்தேன். கே1ஏ, கே1பி என்று பகுதிப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. காயிலின் கீழே கான்டாக்ட் முகவரி அட்டவணை வருவதில்லை. ஃபெரூல் எண் என்ற எண்ணமே அதற்கு இல்லை. அதன் உலகம் வேறு. பேனலோடு உங்கள் சொந்தக் கன்ட்ரோலர் போர்டும் போகிறது என்றால் போர்டைக் கீகேடில் வரைந்து, பேனல் டிராயிங்கில் அதை ஒரு பெட்டியாகக் காட்டி டெர்மினல்களை மட்டும் போடுங்கள்.

மற்றவை பற்றி ஓரிரு வரி. ஃப்ரிட்ஸிங் பிரெட்போர்டு படத்துக்கு அழகு, பேனலுக்குச் சம்பந்தமில்லை. இங்க்ஸ்கேப் புத்தகத்துக்குப் படம் வரைய நல்லது. உலாவியிலேயே ஓடும் எலெக்ட்ரானிக்ஸ் மென்பொருள்கள் வசதிதான், ஆனால் டிராயிங் அவர்கள் சர்வரில் இருக்கும், இணையம் போனால் கை கட்டி உட்கார வேண்டும்.

படி 7: கோப்பைப் பத்திரப்படுத்தும் முறையையும் இப்போதே வையுங்கள்

கியூ-எலெக்ட்ரோடெக் ப்ராஜெக்ட் கோப்பு ஒன்றுக்குள்ளேயே எல்லாத் தாளும், அதில் பயன்படுத்திய குறியீடுகளும் அடங்கும். ஆகவே கோப்பை மட்டும் வேறு கணினிக்கு எடுத்துப் போனால் போதும். நீங்களே செய்த குறியீடுகள் உங்கள் தொகுப்பில் தனியாக இருக்கும். மற்ற வேலைகளுக்கும் அவை தேவை, அந்தக் கோப்புறையையும் மறக்காமல் நகலெடுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோப்புறை: அதில் மூலக் கோப்பு, ரிவிஷன் எண்ணோடு பி.டி.எஃப்., பொருள் பட்டியல். வாட்ஸ்அப்பில் அனுப்புவது எப்போதும் ரிவிஷன் போட்ட பி.டி.எஃப். மட்டும். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் இதுதான்" என்று பெயர் வைக்கும் பழக்கத்தை விடுங்கள், ரிவிஷன் 0, 1, 2 என்று போகட்டும்.

பட்டறையில் இரண்டு பேர் வரைந்தால் இருவரிடமும் ஒரே பதிப்பு இருக்கட்டும். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்கப் போய் மல்லுக்கட்ட வேண்டாம். கீகேடிலும் இதே கதை. நடந்துகொண்டிருக்கும் வேலையின் நடுவில் மென்பொருளைப் புதுப்பிக்காதீர்கள்.

படி 8: ஒயர்மேனிடம் கொடுங்கள்

இரண்டு மாலை முடிந்துவிட்டது. ஸ்டார்-டெல்டா டிராயிங் அச்சாகிக் கையில் இருக்கிறது. அதை உங்கள் ஒயர்மேனிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் வயரிங் செய்யச் சொல்லுங்கள். அவர் எத்தனை தடவை போன் செய்கிறார் என்று எண்ணுங்கள்.

பழைய கேட் டிராயிங்கில் எங்கள் மணி அண்ணன் ஒரு பேனலுக்கு ஏழெட்டு தடவை கூப்பிடுவார். "தம்பி, இந்த 21-22 எந்தக் கான்டாக்டரோடது?" என்பதுதான் பாதிக் கேள்வி. கியூ-எலெக்ட்ரோடெக்கில் போட்ட முதல் டிராயிங்கை எடுத்துப் போனவர் சாயங்காலம் வரை கூப்பிடவில்லை. ஐந்து மணிக்குத்தான் ஒரே ஒரு போன் வந்தது.

"தம்பி, எல்லாம் சரி. நியூட்ரல் லிங்க் எங்க வைக்கறதுன்னு போடலியே?"

அது ஜி.ஏ. டிராயிங்கில், அதாவது பேனலுக்குள் எந்தப் பொருள் எங்கே உட்காரும் என்று காட்டும் தாளில், வர வேண்டியது. நான் வரைந்திருக்கவில்லை. அதற்கு லிப்ரேகேடைத் திறந்தேன்.